மூன்று வகை சீனக் காகிதம் கைக்கு வந்திருக்கிறது, எதில் வரையலாம்?

பத்மா, பனசங்கரி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அபார்ட்மென்டில் மூன்றாவது மாடியில் இருந்த சார் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்கக் கோவைக்குப் போய்விட்டார். வேலையில் இருந்தபோது அடிக்கடி சீனா போய்வந்தவர். கிளம்புகிற அன்று, "நீங்கதான் பிரஷ் பிடிக்கிற ஆள், வெச்சுக்கோங்கம்மா" என்று ஒரு நீள அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். திறந்தால் மூன்று விதமான காகிதம். போன் போட்டுக் கேட்டதற்கு, "யாரோ பரிசா குடுத்தாங்க, நான் பிரிச்சுக்கூடப் பார்க்கலை" என்கிறார்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயநகரில் ஒரு டீச்சரிடம் சீன முறை மை ஓவியம் கற்றுக்கொள்கிறேன். மூங்கில் ஓரளவு வரும். இறால் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம். இதுவரை வரைந்தது எல்லாம் ஆன்லைனில் ரைஸ் பேப்பர் என்று விற்கும் ரோலில்தான். அதில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் இறாலின் உடம்பு ஒரே சாம்பல் திட்டாகப் போகிறது. டீச்சர் காகிதத்தைக் குறை சொல்கிறார், நானும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

பெட்டியில் இருப்பவை:

பெரிய கட்டு ஒன்று. வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, பழுப்பேறாத தேங்காய்த் துருவல் நிறம். மடித்து வைத்திருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன், 138க்கு 69 சென்டிமீட்டர். கட்டின் பக்கவாட்டில், தாள்களின் விளிம்பின் மேலேயே, செங்குத்தாக சீன எழுத்தில் முத்திரை குத்தியிருக்கிறது. பாதி மங்கிவிட்டது. போட்டோ போட்டிருக்கிறேன்.

அடுத்தது மெல்லிய மஞ்சள் தாள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. சிவப்புக் கட்டங்கள் அச்சடித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் குறுக்குக் கோடுகள். ஒரு மூலையை சில்வர்ஃபிஷ் பூச்சி அரித்திருக்கிறது.

மூன்றாவது சில தாள்கள்தான், சுருட்டி வைத்திருந்தது. தடிமனான பழுப்பு. உள்ளே மரப்பட்டைத் துணுக்கு அப்படியே தெரிகிறது.

எது என்ன வகை? எதில் வரையலாம்? ஜனவரியில் பெங்களூரில் நடக்கும் சித்திரச் சந்தை என்ற ஓவியச் சந்தைக்கு இரண்டு படமாவது கொடுக்க ஆசை. அதற்கு முதல் கட்டை எடுக்கலாமா, அல்லது என் கைக்கு அது அதிகமா?

---

சீனு, சிவாஜிநகர்

மேடம், தொடாதீர்கள்! பழைய சீனக் காகிதம் ஏலத்தில் லட்சக்கணக்கில் போகிறது என்று யூட்யூபில் பார்த்தேன். அப்படியே பிளாஸ்டிக்கில் சுற்றி பீரோவில் வையுங்கள்.

---

லேத் மணி

சீனு தம்பி சொல்வது முழுப் பொய் இல்லை. பழைய ஷுவான் காகிதத்துக்கு (தூரிகை எழுத்துக்கும் மை ஓவியத்துக்கும் எடுக்கும் சீனத் தாள்) சீனாவில் ஏலச் சந்தை உண்டு. ஆனால் அங்கே விலை போவது, உறை பிரிக்காத, எந்த ஆண்டு, எந்த ஆலை என்று ஆதாரத்தோடு இருக்கும் கட்டு. பனசங்கரியில் பிரித்து, அளந்து, போட்டோ எடுத்த கட்டுக்கு யாரும் லட்சம் தர மாட்டார்கள். பிளாஸ்டிக்கில் சுற்றுவது அதைவிட மோசமான யோசனை, மழைக்காலத்தில் உள்ளேயே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

பத்மா மேடம், நான் ஓவியக்காரன் இல்லை. லேத், மில்லிங் மெஷின் நிறுவுகிற வேலை. கம்பெனி என்னை ஆன்ஹுய் மாகாணத்தில் ஹெஃபெய் நகரத்தில் போட்டிருந்தது. அங்கிருந்து ஜிங்சியானுக்கு அதிவேக ரயில் இருக்கிறது, விடுமுறை நாளில் அங்கே போய்விடுவேன். ஷுவான் காகிதத்தின் சொந்த ஊர் அதுதான். சுற்றியுள்ள பகுதிக்குப் பழைய பெயர் ஷுவான்ஜோ, காகிதத்துக்குப் பெயர் அங்கிருந்து வந்தது. அந்தச் செய்முறையை 2009-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். நான் போனது அதற்காக இல்லை. ஒரு மெஷின் மனிதனுக்கு, மெஷின் இல்லாமல் இவ்வளவு சீரான தடிமன் எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் உங்கள் போட்டோ. முத்திரையில் ஓர் எழுத்து செவ்வகமாக, உள்ளே இரண்டு சின்னக் கோடுகள் கால் மாதிரி தொங்குவதாகத் தெரிகிறதல்லவா? அது 'நான்கு'. நான்கு சீன அடி என்று அர்த்தம். சீன அடி மூன்றில் ஒரு மீட்டர், நம் அடியைவிடக் கொஞ்சம் பெரியது. நான்கடித் தாள் என்று கடையில் கேட்டால் 69க்கு 138 அளவில்தான் கொடுப்பார்கள், உங்கள் அளவும் அதுவே. விளிம்பில் முத்திரை குத்துவது ஷுவான் கட்டுக்கு வழக்கம். ஒரு கட்டு நூறு தாள். அளவு, ஒற்றைத் தாளா இரட்டைத் தாளா, பட்டை எவ்வளவு என்பதையெல்லாம் அந்த ஓரத்திலேயே எழுதிவிடுவார்கள். அதற்கு மேலே இருக்கும் எழுத்துகள் மங்கியிருக்கின்றன, 'சுத்தப்பட்டை' என்று படிக்க முடிகிறது. சத்தியம் செய்ய மாட்டேன்.

பட்டை விவகாரம் என்னவென்றால்: ஷுவானில் இரண்டு கூறுகள். ஒன்று சிங்டான் என்ற மரத்தின் பட்டை. இன்னொன்று மணல் வயலில் விளைந்த நெல்லின் வைக்கோல். (சிங்டானை இணையத்தில் 'நீலச் சந்தனம்' என்று போட்டிருப்பார்கள். மோந்து பார்க்காதீர்கள், வாசனை வராது.) பட்டை நீளமான நார், தாளுக்கு வலு கொடுக்கும். வைக்கோல் குட்டை நார், இடைவெளியை நிரப்பி மிருதுவாக்கும். பட்டை சுமார் 80 சதவீதம் இருந்தால் 'தேர்ந்த பட்டை', 60 அளவில் இருந்தால் 'சுத்தப்பட்டை', வைக்கோல் அதிகமானால் 'பஞ்சு' வகை. பஞ்சு வகையில் உண்மையில் பஞ்சே கிடையாது. நடுவகை பெரும்பாலான ஓவியத்துக்குப் போதும். பஞ்சு வகையைப் படத்துக்குப் பின்தாளாக ஒட்டவும் எடுக்கிறார்கள்.

ஜிங்சியானில் நான் வெகு நேரம் நின்றது தொட்டிக்குப் பக்கத்தில். தொட்டி நிறைய தண்ணீர், அதில் கூழ் கலந்திருப்பதே தெரியாது, நீர்த்த கஞ்சித் தண்ணீர் போலத்தான் இருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். நடுவில் மெல்லிய மூங்கில் குச்சிகளைப் பட்டுநூலில் பின்னிய சல்லடைப் பாய். ஒரு பக்கமாகச் சரித்து முக்குகிறார்கள், தூக்குகிறார்கள், மறுபக்கமாகச் சரித்து இன்னொரு முறை. அவ்வளவுதான். இருவரில் மூத்தவர் கையில்தான் கணக்கு. அவர் மணிக்கட்டு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு தடிமன். பாயைக் கவிழ்த்து ஈரத் தாளை அடுக்கில் இறக்குகிறார்கள். மேலேயே அடுத்தது. நடுவில் துணியோ கம்பளியோ எதுவும் போடுவதில்லை.

எனக்கு இடித்தது அங்கேதான். ஈரத்தோடு ஈரமாக நூற்றுக்கணக்கில் அடுக்கி, அழுத்தித் தண்ணீரைப் பிழிந்தால், முழுக்க ஒரே கட்டியாகத்தானே போகும்? போகவில்லை. தொட்டியில் காட்டுக் கிவிக் கொடியின் சாற்றைக் கலக்கிறார்கள். கொழகொழவென்று நூல் விடும் சாறு. நார்கள் தொட்டியின் அடியில் படியாமல் மிதக்கவிடுவதும் அதுதான், பிழிந்த பிறகு தாளைத் தாளாக உரிக்க விடுவதும் அதுதான். ஜப்பான்காரர்கள் இதே வேலைக்கு வெண்டைக்காய்க்குப் பங்காளியான ஒரு செடியின் வேரை எடுக்கிறார்கள். வெண்டைக்காய் நறுக்கிய கையைக் கழுவிய யாருக்கும் இது சட்டென்று புரியும். உரித்த தாளைச் சூடான சுவரில், பைன் ஊசியிலைகளைக் கட்டிய பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் ஒட்டுகிறார்கள். காய்ந்ததும் தானே ஓரம் விடும்.

இதற்கு முன்னால் பட்டையும் வைக்கோலும் சுண்ணாம்பில் வெந்து, மலைச்சரிவில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளுக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் சரிவு முழுக்க வெள்ளை. பிளீச்சிங் பவுடர் போட்டால் ஒரே நாளில் முடியும், தாளின் ஆயுளும் கூடவே முடியும்.

சரி, உங்களுக்கு வேண்டியது இதுதான்: அதே ஷுவானிலேயே பச்சைத் தாள், பக்குவப்படுத்திய தாள் என்று இரண்டு ஜாதி. பச்சைத் தாள் சுவரிலிருந்து உரித்தது, மேலே ஒன்றும் பூசாதது. மை பட்ட உடனே குடிக்கும், பரவும். பக்குவப்படுத்தியதில் படிகாரமும் பசையும் கலந்து பூசியிருப்பார்கள், மை மேலேயே நிற்கும். நுணுக்கமாக இறகு இறகாக வரைகிறவர்களுக்கு இரண்டாவது. உங்கள் இறாலுக்கு முதலாவது. சீன ஓவியர் ச்சி பைஷி வரைந்த இறால்களைப் பார்த்திருப்பீர்கள். உடம்பின் ஒவ்வொரு வளையமும் ஒரே ஒரு தூரிகைத் தொடல். பச்சை ஷுவானில் ஈரமான தொடலுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் மெல்லிய வெளிறிய கோடு நின்றுவிடும். அந்தக் கோடுதான் இறாலின் கண்ணாடி உடம்பு. அவர் அதைத் தனியாக வரையவில்லை.

உங்கள் ஆன்லைன் ரோலில் இது வராததற்கு உங்கள் கை காரணம் இல்லை. மலிவான 'எழுத்து-ஓவியத் தாள்' பெரும்பாலும் ஒரு புல்லின் கூழில் செய்வது. அந்தப் புல்லை நம்மாட்களுக்கும் தெரியும். ஒடிசாவில் கயிறு திரிக்கிறார்களே, சபாய் புல், அதுதான். மோசமான நார் என்று சொல்ல மாட்டேன், நம் ஊர்ப் பேப்பர் மில்களே ஒரு காலத்தில் அதை நம்பி ஓடின. ஆனால் மை அதில் ஒரே சீராகப் பரவி ஒன்றோடு ஒன்று கலந்துவிடும், கோடு நிற்காது.

சோதிப்பது சுலபம். ஓரத்தில் விரல் அகலத் துண்டு கிழியுங்கள். ஒன்று: சொட்டுத் தண்ணீர் விடுங்கள், குண்டாக உட்கார்கிறதா, உடனே வட்டமாகப் பரவுகிறதா? இரண்டு: தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். கையால் எடுத்த ஷுவானில் நார் அங்கங்கே திரண்டு மேகம் மேகமாகத் தெரியும், ஊடே பாயின் கோடுகள். மெஷின் தாள் ஒரே சமமாக இருக்கும். மூன்று: ஒரு மைக்கோடு, அது காயும் முன் பக்கத்திலேயே இன்னொரு கோடு. முடிவைப் போடுங்கள், பார்க்கலாம்.

மஞ்சள் தாள் மாவோபியன். மூங்கில் காகிதம். கட்டம் போட்டது பிள்ளைகள் எழுத்துப் பயிற்சிக்கு, நம் நாலுவரி நோட்டு. கைச்செய்தது அரிது, இப்போது பெரும்பாலும் மெஷின்தான். வழவழப்பான பக்கத்தில் எழுத வேண்டும். இஷ்டத்துக்கு வீணடியுங்கள்.

மூன்றாவது பற்றி எனக்குக் கருத்து இல்லை.

---

அட்டைக்காரி, ஃப்ரேசர் டவுன்

பத்மாக்கா, மூன்றாவது கட்டுக்காகத்தான் வந்தேன். பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைத்து அட்டை போடுவது என் தொழில், கிழிசலுக்கு ஒட்டுப்போடும் தாளைத் தேடியே பாதி வாழ்க்கை போகிறது.

மணி அண்ணா, மூங்கிலை நீங்கள் ஒரே வரியில் தள்ளிவிட்டது நியாயம் இல்லை. சீனாவில் அச்சான பழைய புத்தகங்களில் பெரும் பகுதி மூங்கில் காகிதம்தான். ஜியாங்ஷியில் யான்ஷான் பக்கம் செய்த லியன்ஷி தாளைக் கையில் எடுத்தால் மூங்கில் என்று சொல்ல முடியாது, அவ்வளவு வெள்ளை, அவ்வளவு மெல்லிசு. ஹாங்ஜோவுக்குப் பக்கத்தில் ஃபூயாங், சிச்சுவானில் ஜியாஜியாங் இரண்டும் மூங்கில் காகித ஊர்கள்தான். ஜப்பானோடு போர் நடந்த காலத்தில் ஆன்ஹுயிலிருந்து ஷுவான் வருவது தடைபட்டபோது, ஓவியர் ஜாங் தாச்சியன் ஜியாஜியாங்குக்கே போய்க் காகிதக்காரர்களோடு உட்கார்ந்து, மூங்கில் கூழில் நீள நார் சேர்த்து, தன் தூரிகைக்குத் தாங்குகிற தாளைச் செய்யவைத்தார். 1637-இல் சொங் யிங்சிங் எழுதிய தொழில்நுட்ப நூலில் காகிதப் பகுதிக்குப் படம் போட்டிருப்பதே மூங்கிலுக்குத்தான். இளம் மூங்கிலை வெட்டி நூறு நாள் குளத்தில் ஊறப்போடச் சொல்கிறார். மலிவுத் தாள் என்ற பெயர் வந்தது அதிகமாகக் கிடைத்ததால்.

சரி, பழுப்புத் தாள். அக்கா, வெளிச்சத்தில் பிடித்து ஒன்றே ஒன்றைப் பாருங்கள். இணையான மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா, அல்லது மல்துணி மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னல் தெரிகிறதா?

கோடு தெரிந்தால் மணி அண்ணா சொன்ன மாதிரி மூங்கில் பாயில் முக்கியெடுத்தது. அப்படியானால் பெரும்பாலும் குய்ஜோ பக்கத்து முசுக்கட்டை (மல்பெரி) குடும்பப் பட்டைக் காகிதமாக இருக்கும். பின்னல் தெரிந்தால் செய்முறையே வேறு. சட்டத்தில் துணியைக் கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கூழை மேலிருந்து ஊற்றிக் கையால் பரப்பி, சட்டத்தோடு தூக்கி வெயிலில் சாய்த்துவிடுவார்கள். காயும்வரை அந்தச் சட்டம் வேறு எதற்கும் ஆகாது. அதனால் இப்படிச் செய்கிற வீட்டு முற்றத்தில் சட்டங்களாகவே நிற்கும். திபெத், யுன்னானில் தாய் என்ற இனத்து மக்கள், சிஞ்சியாங்கில் ஹோதான் எல்லாம் இந்த முறைதான். ஹோதானில் நார் முசுக்கட்டை. திபெத்தில் ஸ்டெல்லரா என்ற செடியின் வேர். அது விஷச்செடி, செய்கிறவர்களுக்குக் கை அரிக்கும். பூச்சி அண்டாது. தெர்கே என்ற ஊரின் திபெத்திய அச்சகத்தில் மரக்கட்டையில் பௌத்த சூத்திரங்களை அச்சடித்தது அந்தக் காகிதத்தில்தான்.

ஆனால் பின்னல் தெரிந்துவிட்டது என்பதற்காக அது சீனத்துத் தாள் ஆகிவிடாது. நேபாளத்து லோக்தா காகிதமும் இதே ஊற்றும் முறை. நம் அருணாச்சலில் தவாங் பக்கம் மோன்பா மக்கள் செய்யும் மோன் ஷுகுவும் அப்படித்தான். செடிகளும் ஒரே குடும்பம். உங்கள் சார் டெல்லி ஹாட் கைவினைச் சந்தையில் வாங்கி இதே பெட்டியில் போட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது!

முசுக்கட்டைப் பட்டை என்று உறுதியானால் எனக்கு ஒரு தாள் விற்றுவிடுங்கள். ஒட்டுப்போட அதைவிட நல்லது கிடையாது. பெய்ஜிங் அரண்மனையில் சியன்லோங் பேரரசர் ஓய்வுக்காகக் கட்டிய மாளிகையைப் புதுப்பித்தபோது, சுவரில் ஒட்டியிருந்த ஓவியங்களுக்குப் பின்தாளாக சாதாரணக் காகிதம் ஒன்றும் ஒத்துவராமல், ஆன்ஹுயில் சியன்ஷான் என்ற ஊரில் முசுக்கட்டைத் தாள் செய்கிறவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ராமநகரம் பக்கம் பட்டுப்புழுவுக்கு இலை பறித்த பிறகு கொம்புகள் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

சில்வர்ஃபிஷ்: அரித்த தாள்களை எடுத்துவிட்டு மிச்சத்தைக் காற்றுப்புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். (ஐஸ்க்ரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் காகிதம் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும்.) எடுத்த பிறகு பை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்கக் கூடாது, வேர்த்துவிடும். சீனர்களும் இந்தப் பூச்சியோடு ரொம்பக் காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். துன்ஹுவாங் குகையில் கிடைத்த சூத்திரச் சுருள்களில் நிறையவற்றை ஒருவகை மரப்பட்டைச் சாயத்தில் முக்கி மஞ்சளாக்கியிருக்கிறார்கள். அந்தக் கசப்பு பூச்சிக்கு ஆகாது. 868-இல் அச்சான வஜ்ர சூத்திரம் அந்தக் குகையில் கிடைத்ததுதான். பிறகு குவாங்டாங்கில் புத்தகத்தின் முன்னும் பின்னும் ஈயச் செந்தூரம் பூசிய ஆரஞ்சுத் தாளை வைத்துத் தைத்தார்கள். அப்படி வந்த பிரதிகளில் ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டது ரொம்பக் குறைவு. ஆனால் ஈயம், தொட்ட கையைக் கழுவ வேண்டும். நமக்கு வசம்பு போதும். சின்னத் துணிப்பையில் கட்டிப் பெட்டி மூலையில் வையுங்கள், தாளில் நேரடியாகப் படவிடாதீர்கள், கறை பிடிக்கும்.

---

பத்மா, பனசங்கரி

இவ்வளவு பேர் இவ்வளவு விஷயம் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை. சோதித்துவிட்டேன்.

பெரிய கட்டு: சொட்டு விட்ட உடனே பரவி விட்டது, ஓரம் லேசாகச் சிலும்பியது. வெளிச்சத்தில் மேகம் இருக்கிறது. ஊடே கோடும் இருக்கிறது. கிழித்த விளிம்பில் மயிர் மயிராக நார். மைக்கோடு போட்டுப் பார்த்தபோது மணி சார் சொன்ன வெளிறிய கோடு நின்றது! டீச்சருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "அந்தக் கட்டோடு ஞாயிற்றுக்கிழமை வா" என்று மட்டும் பதில் வந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். நடுவில் மடிப்பு விழுந்த இடத்தில் சொட்டு மற்ற இடத்தைவிட வேகமாகப் போகிறது. அது குறையா?

பழுப்புத் தாளில் துணிப் பின்னல்தான் தெரிகிறது. ஆக, என்னிடம் இருப்பது லோக்தாவா திபெத்தா என்பது கடைசிவரை தெரியாது போலிருக்கிறதே.

பச்சைத் தாளில் வரைந்தால் ஈரத்தில் சுருங்கிக்கொள்கிறது. அப்படியே ஃப்ரேம் போடக் கொடுத்தால் எங்கள் ஏரியா ஃப்ரேம்காரர் வெள்ளைப் பசை தடவிப் பலகையில் ஒட்டிவிடுவார். என்ன செய்ய?

---

லேத் மணி

மடிப்பில் நார் முறிந்திருக்கும், அதனால் வேகமாகக் குடிக்கிறது. குறை என்று சொல்ல முடியாது, ஆனால் இறாலின் முதுகை அந்த இடத்தில் வைக்காதீர்கள். இனிமேல் மடிக்காமல், அட்டைக் குழாயில் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

பழைய தாள் என்று தயங்கவும் வேண்டாம். பச்சை ஷுவான் சில வருடம் கிடந்தால் நல்லது என்பது அங்கே எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள் எல்லோரும் சொல்வது. புதுத் தாளில் 'சூடு' இருக்கும், மை தாறுமாறாக ஓடும், கிடந்தால் அடங்கும் என்பார்கள். படிகாரம் பூசிய தாளுக்கு இது நேர் எதிர். நாளானால் படிகாரம் அங்கங்கே விட்டுப்போய், சமமாக நிற்க வேண்டிய மை புள்ளி புள்ளியாக உள்ளே இறங்கிவிடும். உங்களுடையது பச்சை, காத்திருந்தது லாபம்தான்.

நூறு தாளில் நான்கைந்தைத் தனியாக எடுத்து வையுங்கள், மீதியில் தைரியமாக வரையுங்கள். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டிக்கொண்டால் ஒரு துண்டு இறாலுக்குத் தாராளம். "என் கைக்கு அதிகமா" என்று முதலில் கேட்டீர்கள். மாவோபியனில் கை ஓட்டத்தைப் பழகலாம், எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதைப் பழக முடியாது. அதை இந்தத் தாள்தான் கற்றுக்கொடுக்கும், அதுவும் வீணாகிற தாள்.

---

அட்டைக்காரி, ஃப்ரேசர் டவுன்

வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம், ஒட்டினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. மைதாப் பசையும் வேண்டாம், சில்வர்ஃபிஷ்ஷுக்கு விருந்து வைத்த மாதிரி. கோதுமை ஸ்டார்ச் தனியாகக் கிடைக்கிறது, புரதம் நீக்கியது. அதை நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவிட்டு எடுக்க வேண்டும். படத்தைக் கவிழ்த்து, தண்ணீர் ஸ்ப்ரே செய்து, சுருக்கமெல்லாம் போகும்படி பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளியே தடவிவிட்டு, பின்னால் பசை பூசி இன்னொரு தாளை ஒட்டி, ஓரத்தில் மட்டும் பசை வைத்துப் பலகையில் விறைப்பாகக் காயவிட்டால் சட்டை இஸ்திரி போட்டது மாதிரி நிமிர்ந்துவிடும். மை நன்றாகக் காய்ந்து, ஈரத்தில் ஓடாது என்று மூலையில் சோதித்த பிறகுதான் இதெல்லாம். பாட்டில் மை சில சமயம் ஓடும், கட்டி மையை உரைத்து எடுத்தால் பெரும்பாலும் ஓடாது.

முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள். வீணான இறால் இரண்டைக் கொண்டு சனிக்கிழமை கடைக்கு வாருங்கள், செய்து காட்டுகிறேன். பின்தாள் என்னிடம் இருக்கிறது. பழுப்புத் தாளையும் எடுத்து வாருங்கள், லோக்தாவாக இருந்தாலும் நான் வாங்கிக்கொள்கிறேன், ஒரு கணக்குப் புத்தகத்துக்கு முதுகு வேண்டும்.

---

சீனு, சிவாஜிநகர்

அப்போ லட்சம் இல்லையா?

---

பத்மா, பனசங்கரி

இல்லை தம்பி. சித்திரச் சந்தைக்கு வந்து ஒரு இறால் வாங்கிக்கொள்ளுங்கள், விலை பேசிக்கலாம். அட்டைக்காரி, சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன். பழுப்புத் தாளுக்குக் காசு வேண்டாம், என் மாமனாரின் பிரபந்தப் புத்தகம் முதுகு பிரிந்து கிடக்கிறது, அதைத் தைத்துக் கொடுங்கள்.